நாக்குக்கு அடியில் வைக்கும் அலர்ஜி மாத்திரை: ஏழு மாதம் ஆகிவிட்டது, நிறுத்திவிடலாமா?

முல்லைக்கொடி:

வணக்கம். பல நாளாக இந்தக் குழுவில் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 34. பத்து வருடமாகக் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு. நான்கு வருடமாக லேசான வீசிங்கும் சேர்ந்துகொண்டது. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் தூசி உண்ணிக்கு, அதாவது டஸ்ட் மைட்டுக்கு, பெரிய தடிப்பு வந்தது. செட்டிரிசினும் மூக்கு ஸ்ப்ரேயும் போட்டால் அடங்கும், நிறுத்தினால் மூன்றாம் நாளே திரும்பிவிடும். அதனால்தான் டாக்டர் நாக்குக்கு அடியில் வைக்கும் இம்யூனோதெரபி மாத்திரையை, அதாவது அலர்ஜி தரும் பொருளையே தினமும் கொடுத்து உடலைப் பழக்கும் மருந்தை, தொடங்கினார்.

முதல் மாத்திரையை மருத்துவமனையிலேயே வைத்து அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். நாக்கடியில் அரிப்பு, காதுக்குள் குறுகுறுப்பு, தொண்டையில் எதுவோ சிக்கியது போல ஓர் உணர்வு. மூன்று வாரத்தில் எல்லாம் போய்விட்டது. ஆனால் ஏழு மாதம் ஆகியும் தும்மல் மட்டும் போகவில்லை. இன்னும் எத்தனை நாளைக்கு இது என்று வீட்டில் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடம் போட வேண்டும் என்றார்கள். ஏன் மூன்று வருடம் என்று யாரும் சொல்லவில்லை. முடித்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

கடலோரன்:

நான் இருக்கிறேன். மூன்று வருடம் முழுதாகப் போட்டேன், நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. எனக்கும் தூசி உண்ணிதான்.

முதல் வருடத்தில் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். தும்மலை வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. ஒரு நாள் பத்து, ஒரு நாள் இரண்டு, ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் என் தங்கை ஒரு யோசனை சொன்னாள்: தும்மலை எண்ணாதே, தீர்ந்துபோன செட்டிரிசின் அட்டைகளை எண்ணு என்று. தொடங்குவதற்கு முன் மாதம் முழுக்கத் தினமும் ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். முதல் வருட முடிவில் மாதம் பதினெட்டு. இரண்டாம் வருடத்தின் நடுவில் ஆறு. இப்போது வீட்டில் அட்டை இருக்கிறது, ஆனால் கடைசியாக எப்போது பிரித்தேன் என்று நினைவில்லை. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பரணைச் சுத்தம் செய்தால் இன்றும் தும்முகிறேன். ஆனால் மறுநாள் வரை அது நீடிப்பதில்லை.

உங்களிடம் பழைய கணக்கு ஏதாவது இருக்கிறதா? மருந்துக் கடைச் சீட்டுகள் இருந்தால்கூடப் போதும்.

செவ்வானம்:

மன்னிக்கவும், நான் மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்றரை வருடம் நாக்குக்கு அடியில் சொட்டு மருந்து விட்டேன். ஒரு துளிகூடப் பலன் இல்லை. பரிசோதனையில் பதினோரு பொருளுக்கு அலர்ஜி என்றார்கள். புல், மரம், பூஞ்சை, கரப்பான், தூசி உண்ணி, நாய், பூனை என்று பதினொன்றையும் ஒரே புட்டியில் கலந்து கொடுத்தார்கள். எப்போது மூக்கு ஒழுகுகிறது, எதனால் கூடுகிறது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காகிதத்தில் இருந்த பட்டியலை அப்படியே புட்டிக்குள் ஊற்றிவிட்டார்கள். பணம் போனதைவிட அந்த ஒன்றரை வருடம் போனதுதான் எனக்கு ஆறவில்லை. தோழி, ஏமாந்துவிடாதீர்கள்.

மருதம்:

செவ்வானம், உங்கள் கோபம் நியாயமானது. நான் பன்னிரண்டு வருடம் அலர்ஜி பிரிவில் செவிலியராக இருந்தவள். உங்களுக்கு நடந்ததைப் போலப் பலருக்கு நடந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தோல் பரிசோதனையில் தடிப்பு வந்தால், உங்கள் உடலில் அந்தப் பொருளுக்கு எதிரான ஐஜிஇ, அதாவது அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்பொருள், இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். நீங்கள் தும்முவதற்கும் அதுதான் காரணம் என்று அந்தத் தடிப்பு சொல்லாது. பூனைக்குத் தடிப்பு வந்தும் பூனையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. தடிப்பும் நோயாளி சொல்லும் கதையும் ஒத்துப்போனால்தான் அது நோய்க்காரணம். புல் மகரந்தம் காரணம் என்றால் அது பறக்கும் மாதங்களில் கூட வேண்டும். தூசி உண்ணி என்றால் வருடம் முழுக்க இருக்கும், படுக்கையிலும் விடியற்காலையிலும் அதிகமாக இருக்கும்.

அடுத்தது கலவை. நாக்கடி சிகிச்சைக்கு உறுதியான சான்று இருப்பது பெரும்பாலும் ஒரே ஒவ்வாப்பொருளை, அளவு நிர்ணயித்துக் கொடுக்கும்போதுதான். பதினொன்றைக் கலந்தால் ஒவ்வொன்றின் அளவும் குறைந்துபோகும். அதோடு பூஞ்சை, கரப்பான் சாறுகளில் புரதத்தை அரிக்கும் நொதிகள் இருக்கின்றன. மகரந்தப் புரதத்தை அவையே சிதைத்துவிடலாம். மாத்திரைகளின் கதை வேறு. திமோதி புல் மாத்திரை 2006 இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் புல், ராக்வீட் களைச்செடி மகரந்த மாத்திரைகளுக்கு 2014 இலும், தூசி உண்ணி மாத்திரைக்கு 2017 இலும் அனுமதி கிடைத்தது. ஜப்பானில் சீடர் மர மகரந்தத்துக்கு 2014 இல் சொட்டு மருந்து வந்தது, பிறகு மாத்திரையும் வந்தது. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கானோரிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டவை. அதனால் "நாக்குக்கு அடியில்" என்ற ஒரே பெயரில் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிட வேண்டாம்.

முல்லைக்கொடி, உங்களுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் சில கேள்விகள். மாத்திரையை எந்த நேரத்தில், எப்படி வைக்கிறீர்கள்? வைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் விழுங்குகிறீர்கள், எப்போது தண்ணீர் குடிக்கிறீர்கள்? இந்த ஏழு மாதத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிருக்கும்? வேறு ஊரில் ஒரு வாரம் தங்கினால் தும்மல் குறைகிறதா? மூக்கடைப்பு இரண்டு பக்கமுமா, ஒரே பக்கமா?

பழஞ்சுவடி:

மருதம் அக்கா தனிப் பதில் எழுதுவதற்குள், நாக்குக்கு அடியில் வைக்கும் எண்ணம் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த கதை இது. லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் லியனார்ட் நூன் என்பவர் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்து 1911 இல் எழுதினார். ஐஜிஇ என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஊசி வேலை செய்தது. இன்றும் செய்கிறது. ஆனால் ஆபத்தும் இருந்தது. 1957 முதல் இந்த ஊசிகளால் 26 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 1986 இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. அங்கே பொது மருத்துவர்கள் ஊசி போடுவது ஏறக்குறைய நின்றேபோனது. அதே 1986 இல்தான் தூசி உண்ணிச் சாற்றை நாக்குக்கு அடியில் கொடுத்து, போலி மருந்தோடு ஒப்பிட்ட முதல் ஆய்வும் வெளிவந்தது. ஊசிக்கு ஏற்கத்தக்க மாற்று வழி இது என்று 1998 இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை ஏற்றுக்கொண்டது. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்ற வசதி பாதுகாப்பைத் தேடியதால் வந்தது.

முல்லைக்கொடி:

மருதம் அக்கா, உங்கள் கேள்விகளைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. நேர்மையாகச் சொல்கிறேன்.

காலையில் பல் துலக்கிவிட்டு, ஈரக் கையோடு மாத்திரையை எடுத்து வாயில் போடுவேன். அது கையிலேயே கொஞ்சம் கரைந்துவிடும். நாக்கடியில் வைத்ததும் கரைந்துபோகிறது, உடனே விழுங்கிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடுவேன், அந்த ருசி பிடிக்காது. சளி பிடித்தால் நிறுத்திவிடுவேன், சளி போனதும் தொடங்குவேன். இன்று நாட்காட்டியைப் பார்த்துக் கணக்கிட்டேன். ஏழு மாதத்தில் ஐம்பத்திரண்டு நாள் விட்டிருக்கிறேன். ஒரு தடவை தொடர்ந்து பதினோரு நாள்.

வேறு இடத்தில் தங்கினால் தும்மல் நிச்சயம் குறைகிறது. மூக்கடைப்பு எப்போதும் வலது பக்கம்தான். அதைப் பற்றி யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

மருதம்:

தயங்காமல் சொன்னதற்கு நன்றி அம்மா. தவறு உங்களுடையது மட்டும் இல்லை. முதல் நாளே இதையெல்லாம் செய்து காட்டியிருக்க வேண்டும்.

முதலில் வைக்கும் முறை. இந்த மாத்திரை உறைய வைத்து உலர்த்தப்பட்டது, ஈரம் பட்டால் நொடியில் கரையும். கையை நன்றாகத் துடைத்துவிட்டு, அட்டையின் மேல் தாளை உரித்து மெதுவாக எடுங்கள், அழுத்தித் தள்ள வேண்டாம். நாக்கடியில் வைத்து ஒரு நிமிடம் எச்சில்கூட விழுங்காமல் இருங்கள். அதன்பின் ஐந்து நிமிடம் உணவோ தண்ணீரோ வேண்டாம். நாக்கின் அடியில் உள்ள சவ்வில்தான் இந்தச் சிகிச்சையின் வேலையே நடக்கிறது. அங்கே அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் மாஸ்ட் செல்கள் குறைவு. பொருளைப் பிடித்து, நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டும் டெண்ட்ரிடிக் செல்கள் தாராளமாக இருக்கின்றன. வயிற்றுக்குள் போய்விட்டால் அந்தப் புரதம் செரித்துப்போகும். உடனே விழுங்கித் தண்ணீரும் குடித்தால் மருந்தின் பெரும்பகுதி வீணாகத்தான் போயிருக்கும்.

மூன்று வருடம் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். மருந்து தொடங்கிய புதிதில் ஐஜிஇ குறைவதில்லை, சில மாதம் கூடவே செய்யும். நாளடைவில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருள் பெருகி, ஒவ்வாப்பொருளை ஐஜிஇ பிடிப்பதற்கு முன்பே மறித்துக்கொள்கிறது. கூடவே எதிர்ப்பை அடக்கிவைக்கும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் உருவாகின்றன. இந்த ஏற்பாடு மருந்தை நிறுத்திய பிறகும் நிலைக்க வேண்டும், அதற்குத்தான் காலம் பிடிக்கிறது. புல் மாத்திரையை மூன்று வருடம் கொடுத்து, நிறுத்திய பின் இரண்டு வருடம் கவனித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பலன் நீடித்தது. இரண்டு வருடத்தோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்த ஆய்வு 2017 இல் வந்தது. மருந்து போட்ட காலத்தில் பலன் இருந்தும், நிறுத்திய ஒரு வருடம் கழித்துப் போலி மருந்துக் குழுவோடு பெரிய வேறுபாடு தெரியவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றாம் வருடம் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

அதற்காக, பலன் இல்லாவிட்டாலும் மூன்று வருடம் காத்திருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தூசி உண்ணி மாத்திரை ஆய்வுகளில் 8 முதல் 14 வாரத்துக்குள்ளேயே சராசரியில் வேறுபாடு தெரிந்தது. ஒரு வருடம் ஒழுங்காகப் போட்டும் ஒரு முன்னேற்றமும் இல்லையென்றால் தொடர வேண்டியதில்லை என்று ஐரோப்பிய மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. உங்கள் விஷயத்தில் "ஒழுங்காக" என்பது இனிமேல்தான் தொடங்குகிறது.

விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. ஏழு நாளுக்கு மேல் விட்டால் டாக்டரைக் கேட்டுவிட்டே மீண்டும் தொடங்குங்கள். பல் பிடுங்கினாலோ, வாயில் புண் இருந்தாலோ ஆறும்வரை நிறுத்த வேண்டும். சளிக்கு என்ன செய்வது என்பதை உங்கள் டாக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள். வீசிங் கூடியிருக்கும் சமயத்தில் நீங்களாக எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

வலது மூக்கைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். எப்போதும் ஒரே பக்கம் அடைப்பு என்றால் அதற்கு அலர்ஜி அல்லாத காரணம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

நீலமலர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதைப் படிக்கிற யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன். நான் இந்த மாத்திரையை ஐந்தாம் மாதம் நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் வாரங்களில் வரும் தொண்டை அரிப்பு எனக்கும் வந்து போனது, அதில் பயம் இல்லை. ஆனால் அப்புறம் சாப்பிடும்போது உணவு நெஞ்சில் நின்றுபோவது போல இருந்தது, விழுங்கினால் வலி. இது மருந்தின் வழக்கமான பக்கவிளைவு என்று நினைத்து ஆறு வாரம் பொறுத்துக்கொண்டேன். அதுதான் என் தவறு. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் ஈசினோபில் அழற்சி, அதாவது ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள் சேர்ந்து வரும் அழற்சி, என்று தெரிந்தது. மாத்திரையை நிறுத்திச் சிகிச்சை எடுத்தபின் சரியானது.

அந்த நோய் ஏற்கெனவே இருப்பவர்கள் இந்த மாத்திரையைத் தொடங்கவே கூடாது. கட்டுப்பாட்டில் இல்லாத கடும் ஆஸ்துமா இருந்தாலும் கூடாது. முகமோ நாக்கோ வீங்கினால், குரல் மாறினால், மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும். இந்த முறையில் அது மிக அரிது, ஊசியைவிடப் பாதுகாப்பானது என்பது உண்மை. ஆனாலும் வீட்டில் தனியாகப் போடுகிற மருந்து என்பதால், கூட இருப்பவர்களுக்கும் இந்த அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும்.

இளவேனில்:

என் மகனுக்கு எட்டு வயது, புல் மகரந்த அலர்ஜி. இப்போதே தொடங்கினால் பின்னால் ஆஸ்துமா வராமல் தடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

மருதம்:

பாதி உண்மை. இதற்காகவே 5 முதல் 12 வயது வரையுள்ள 812 குழந்தைகளிடம் புல் மாத்திரையை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மூன்று வருடம் மருந்து, இரண்டு வருடம் கவனிப்பு. முடிவு 2018 இல் வந்தது. முதன்மைக் கேள்வியாக வைத்திருந்த "ஆஸ்துமா தொடங்கும் காலம் தள்ளிப்போகிறதா" என்பதில் வேறுபாடு நிரூபணமாகவில்லை. ஆனால் ஆஸ்துமா அறிகுறிகளும் ஆஸ்துமா மருந்துத் தேவையும் மாத்திரை போட்ட குழந்தைகளிடம் குறைவாக இருந்தன, நிறுத்திய பிறகும்கூட. அதனால் பையனின் மூக்குத் தொல்லை பள்ளியையும் தூக்கத்தையும் கெடுக்கிற அளவுக்கு இருந்தால், அந்தக் காரணத்துக்காகத் தொடங்கலாம். ஆஸ்துமாவைத் தடுப்பதற்கு மட்டும் என்றால் அந்த உறுதியை யாராலும் தர முடியாது. மகரந்தக் காலம் தொடங்க 12 முதல் 16 வாரம் முன்பே ஆரம்பிப்பதுதான் வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடலோரன்:

விட்டுப்போன நாட்களைப் பற்றி முல்லைக்கொடி வருத்தப்பட வேண்டாம். நெதர்லாந்தில் மருந்துக் கடைப் பதிவுகளை வைத்து 6,486 பேரைப் பார்த்தார்கள். குறைந்தபட்ச மூன்று வருடத்தை எட்டியவர்கள் ஊசிக்காரர்களில் 23 சதவீதம். நாக்கடி மருந்துக்காரர்களில் வெறும் 7 சதவீதம். ஊசி போடுகிறவரை மருத்துவமனை கூப்பிடும். நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. நான் மாத்திரை அட்டையைக் கைபேசி சார்ஜருக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் கைபேசியை எடுக்கும்போது மாத்திரை, ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் செய்தி படிப்பேன், அப்புறம் குளிக்கப் போய்விடுவேன். தண்ணீர் குடிக்கும் எண்ணமே வராது.

முல்லைக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. நிறுத்தவில்லை. வீசிங் பற்றி ஒன்று கேட்க வேண்டும். மாத்திரை பலன் கொடுத்தால் இன்ஹேலரை விட்டுவிடலாமா?

மருதம்:

நீங்களாக விடவே கூடாது. தூசி உண்ணி மாத்திரையை ஆஸ்துமாவுக்குச் சோதித்த பெரிய ஆய்வு 2016 இல் வந்தது, 834 பெரியவர்கள். ஸ்டீராய்டு இன்ஹேலரை மருத்துவர்கள் படிப்படியாகக் குறைத்தபோது, மாத்திரை போட்டவர்களுக்கு ஆஸ்துமா மோசமாகும் ஆபத்து குறைவாக இருந்தது. அவர்கள் குறைத்தது கண்காணிப்போடு. இன்ஹேலர் இன்று உங்கள் மூச்சுக்குழாயைக் காக்கிறது. மாத்திரையின் வேலை மெதுவாக நடப்பது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

முல்லைக்கொடி:

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். யாராவது இந்த இழையைத் தேடி வருவீர்கள் என்று நினைத்து.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன், திட்டவில்லை. வைக்கும் முறையை மறுபடி செய்து காட்டினார். அன்றிலிருந்து விட்ட நாட்கள் மொத்தம் நான்கு. முதல் பத்து நாள் வாய் அரிப்பு திரும்ப வந்தது. விநோதமாக, அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மருந்து இப்போதுதான் சவ்வில் நிற்கிறது என்று தோன்றியது.

கடலோரன் அண்ணா சொன்னது போல அட்டைக் கணக்கு: அப்போது மாதம் இருபத்தாறு செட்டிரிசின். போன மாதம் பதினொன்று. காலைத் தும்மல் இருக்கிறது, ஆனால் இரண்டு மூன்றோடு நின்றுவிடுகிறது. கண் அரிப்பு ஏறக்குறைய இல்லை. இன்ஹேலர் அதே அளவுதான். படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி சுடுநீரில் துவைக்கிறேன், எனவே எவ்வளவு பலன் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வலது மூக்கு: நடுத்தண்டு வளைந்திருக்கிறதாம். இத்தனை வருடம் அந்த அடைப்பையும் அலர்ஜிக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். மாத்திரை அதைச் சரிசெய்யாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சை வேண்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

செவ்வானம்:

உங்கள் பதிவைப் பார்த்து மகிழ்ச்சி, தோழி. நானும் ஒன்று சொல்ல வேண்டும். மருதம் அக்கா எழுதியதைப் படித்த பிறகு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் முக்கால் மணி நேரம் கேள்வி மட்டுமே கேட்டார். வாசனைத் திரவியம், புகை, குளிர்ந்த காற்று இவற்றால்தான் எனக்கு மூக்கு ஒழுகுகிறது. தும்மலும் கண் அரிப்பும் ஒருபோதும் இருந்ததில்லை. மறுபரிசோதனையில் பதினொன்றில் இரண்டுக்கு மட்டும் சின்னத் தடிப்பு, அவையும் என் தொல்லையோடு பொருந்தவில்லை. எனக்கு இருப்பது அலர்ஜி இல்லாத மூக்கழற்சி என்கிறார். எந்த இம்யூனோதெரபியும் இதற்கு உதவாது. இப்போது இப்ராட்ரோபியம் மூக்கு ஸ்ப்ரே போடுகிறேன், ஒழுகுவது பெரிதும் குறைந்திருக்கிறது.

நாக்கடி மருந்தே மோசடி என்று நான் இங்கே பல இழைகளில் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒவ்வொன்றாகப் போய் இந்த விவரத்தைச் சேர்த்து வருகிறேன்.